காற்றுக்குத் தாழ் போடும் பீங்கான்

ஆரணி, காங்கயம், செங்குன்றம் என்று எந்த ஊர் நவீன அரிசி ஆலைக்குள் போனாலும், மூட்டை கட்டுவதற்குச் சற்று முன்னால் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பெட்டி நிற்கும். அதுதான் கலர் சார்ட்டர். ஆலைக்காரர்கள் 'சார்டெக்ஸ்' என்பார்கள். மூட்டையின் மேலும் அதையே அச்சடித்துவிடுவார்கள். மேலே கொட்டப்படும் அரிசி, சரிவான தகட்டில் வழுக்கிக்கொண்டு இறங்கும். தகட்டின் அடிவிளிம்பைத் தாண்டி அந்தரத்தில் விழும்போது கேமரா ஒவ்வொரு மணியையும் பார்த்துவிடும். கருப்பு, பழுப்பு, கல் என்று எது கண்ணில் பட்டாலும், எதிரே வரிசையாக இருக்கும் நாசில்களில் ஒன்று சட்டென்று காற்றைப் பீய்ச்சி அந்த மணியை மட்டும் தள்ளிவிடும். படபடவென்று ஒரு சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் அளவுக்குச் சரிந்து வந்த மணி நொடிக்கு 3, 4 மீட்டர் வேகத்தில் விழும். மணியின் நீளம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். 4 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், அது நாசிலைக் கடந்துபோக ஒன்றரை மில்லிநொடிதான் ஆகும். அதற்குள் காற்று திறக்க வேண்டும், மணியைத் தள்ள வேண்டும், மூட வேண்டும். மூடத் தாமதித்தால் பின்னால் வரும் நல்ல அரிசியும் கழிவோடு போய்ச் சேரும். இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் ரிஜெக்ட் தொட்டியில் வெள்ளை அரிசி கூடுதலாகக் கிடக்கிறதே என்று ஆலைக்காரர் புலம்பினால், குறை கேமராவில்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. வால்வு சோம்பேறியாக இருக்கலாம்.

அழுத்தக் காற்றை அடைத்தும் திறந்தும் விடும் வேலையை நெடுங்காலமாகச் செய்துவருவது மின்காந்தம். செம்புக் கம்பிச் சுருள், அதற்குள் ஓர் இரும்புத் தண்டு, தண்டுக்குப் பின்னால் ஸ்பிரிங். சோலனாய்டு வால்வு என்பது இவ்வளவுதான். மின்சாரம் பாய்ந்தால் தண்டு இழுபடும். நின்றால் ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். விலை மலிவு. கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் எண்ணெய் கலந்த காற்றையும் பொறுத்துக்கொள்ளும். கோவையில் எந்த நியூமேட்டிக் கடையிலும் கேட்ட உடனே கிடைக்கும். நன்றாக வடிவமைத்த சோலனாய்டு ஒரு மில்லிநொடியையே எட்டிப்பிடிக்கும். இத்தனையும் இருந்தும், திறந்தபடி பிடித்துவைத்திருக்க வேண்டுமானால் அதற்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் வெளிவரும். பாதி திற, கால்வாசி திற என்று சொன்னால் சாதாரண சோலனாய்டுக்குப் புரியாது. விகிதப்படி திறக்கும் சோலனாய்டுகள் இருக்கின்றன. அவை இன்னும் பெரிது, இன்னும் சூடு.

வேறொரு வழிக்கான விதை 1880ல் பாரிஸில் விழுந்தது. பியர் கியூரிக்கு அப்போது 21 வயது. அண்ணன் ஜாக்குடன் சேர்ந்து குவார்ட்ஸ், டூர்மலின், ரோஷெல் உப்பு என்று ஒவ்வொரு படிகமாக எடுத்து அழுத்திப் பார்த்தார். கரும்புச் சர்க்கரைப் படிகத்தைக்கூட விடவில்லை. அழுத்தியபோது படிகத்தின் முகங்களில் மின்னூட்டம் தோன்றியது. மறு ஆண்டே காப்ரியேல் லிப்மன் என்ற இயற்பியலாளர், வெப்ப இயக்கவியல் கணக்கைக் கொண்டு, இதன் தலைகீழும் நடந்தாக வேண்டும் என்றார்: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் தன் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். சகோதரர்கள் சோதித்தார்கள், மாற்றிக்கொண்டது. நம் பாடநூல்கள் இதை அழுத்தமின் விளைவு என்கின்றன. தொழிற்கூடத்தில் இதற்குப் பெயர் பீசோ. கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டர் முதல் விளைவைப் பயன்படுத்துகிறது: தட்டினால் பொறி. நாம் பேசும் வால்வு இரண்டாவது விளைவில் ஓடுகிறது: மின்சாரம் கொடுத்தால் அசைவு.

அசைவு என்றால் எவ்வளவு? இங்கேதான் பீசோவின் வறுமை தெரியும். 20 மில்லிமீட்டர் நீளக் குவார்ட்ஸ் பட்டைக்கு, தடிமனில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 1000 வோல்ட் என்ற கணக்கில் மின்புலம் கொடுத்தாலும், அது மாற்றிக்கொள்ளும் நீளம் 0.05 மைக்ரானைத் தாண்டாது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை வைத்துக்கொண்டு நீர்மூழ்கியைத் தேடும் ஒலி அலையை எழுப்பலாம். முதல் உலகப்போரின்போது பால் லாஞ்செவன் அதைச் செய்து காட்டினார். வால்வு செய்ய முடியாது.

நிலைமையை மாற்றியது பீங்கான். 1950களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் லெட் ஜிர்கோனேட்டையும் லெட் டைட்டனேட்டையும் கலந்து சுட்டுப் பார்த்தார்கள். 1954ல் பெர்னார்ட் ஜாஃபியும் அவரது கூட்டாளிகளும், ஜிர்கோனியமும் டைட்டானியமும் ஏறக்குறைய 52க்கு 48 என்ற விகிதத்தில் கலந்திருக்கும் இடத்தில் பீசோ குணம் எகிறுகிறது என்று காட்டினார்கள். அந்த விகிதத்தில் படிகத்துக்கு இரண்டு வடிவங்கள் கிட்டத்தட்ட சமமாகப் பிடித்துப்போகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாய அதிகம் தூண்ட வேண்டியதில்லை. பி.இசட்.டி. என்று இன்று எல்லோரும் சொல்வது இந்தப் பீங்கானைத்தான். சுட்டு எடுத்ததும் இது வெறும் பீங்கான். உள்ளே குட்டிக் குட்டிப் பகுதிகள் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருக்கும். சூடான எண்ணெயில் அமிழ்த்தி, மில்லிமீட்டருக்கு இரண்டு மூன்று ஆயிரம் வோல்ட் கொடுத்து, ஆறவிட வேண்டும். பகுதிகள் ஏறக்குறைய ஒரே திசைக்குத் திரும்பி அப்படியே நிற்கும். அதன்பிறகுதான் அதற்குப் பீசோ உயிர் வரும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் சூடாக்கினால் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். அந்த வெப்பநிலைக்கும் கியூரியின் பெயர்தான்.

இனி வடிவமைப்பாளரின் மேசைக்கு வருவோம். கையில் இருப்பது 20 மில்லிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் அகலம், கால் மில்லிமீட்டர் தடிமன் உள்ள பி.இசட்.டி. பட்டை. 250 வோல்ட் கொடுத்தால் நீளவாக்கில் 5 மைக்ரான் சுருங்கும். குவார்ட்ஸைவிட நூறு மடங்கு. ஆனால் காற்று போகும் வழியைத் திறக்க 5 மைக்ரான் எந்த மூலைக்கு? விசைக்கு மட்டும் குறைவில்லை. சுருங்க விடாமல் இரு முனையையும் பிடித்தால் 19 நியூட்டன், அதாவது 2 கிலோ எடை அளவுக்கு இழுக்கும். அசைவு அற்பம், பலம் அபாரம். இந்தப் பலத்தில் ஒரு பங்கை விற்று அசைவு வாங்குவதுதான் பீசோ வால்வு வடிவமைப்பின் சாரம். மற்றவையெல்லாம் இந்தப் பேரத்தின் கிளைகள்.

பேரத்தின் மிகப் பழைய முறை வளைத்தல். ஒரே மாதிரி இரண்டு பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். ஒரு முனையை அசையாமல் பிடித்துவையுங்கள். மேல்பட்டை மட்டும் சுருங்கினால், ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்ட பலகை வளைவதுபோல், மொத்தப் பட்டையும் மேல்நோக்கி வளையும். கீழ்ப்பட்டை சுருங்கினால் கீழ்நோக்கி. இதைப் பெண்டர் என்பார்கள். இப்போது மொத்தத் தடிமன் அரை மில்லிமீட்டர். அசைவு எத்தனை மடங்கு பெருகும் என்பதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: நீளத்தைத் தடிமனால் வகுத்து ஒன்றரையால் பெருக்க வேண்டும். நம் பட்டைக்கு 20ஐ 0.5ஆல் வகுத்தால் 40. ஒன்றரையால் பெருக்கினால் 60. ஐந்து மைக்ரான், முனையில் 300 மைக்ரான் ஆகிவிட்டது: ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 0.3 மில்லிமீட்டர். விலையாகக் கொடுத்தது பலம். முனையை அசைய விடாமல் பிடித்தால் இப்போது கிடைப்பது 0.35 நியூட்டன்தான், 36 கிராம் எடைக்குச் சமம்.

நீளத்தைக் கூட்டினால் என்ன என்று தோன்றும். இரு மடங்கு நீளமாக்கினால் அசைவு நான்கு மடங்காகும், பலமோ பாதியாகும். தடிமனை இரு மடங்காக்கி, மின்புலம் மாறாமலிருக்க வோல்ட்டையும் இரட்டித்தால், பலம் நான்கு மடங்கு, அசைவு பாதி. அகலம் ஒன்றுதான் சண்டை போடாத அளவு: அகலப்படுத்தினால் பலம் கூடும், அசைவு குறையாது. ஆனால் வால்வு தடித்துவிடும். பத்துப் பன்னிரண்டு வால்வுகளைப் பக்கம் பக்கமாக அடுக்க நினைப்பவருக்கு அதுவும் இடைஞ்சல்.

36 கிராம் பலத்தை வைத்துக்கொண்டு எந்த நாசிலை அடைக்கலாம்? தொழிற்கூடங்களில் சாதாரணமாக இருப்பது 6 பார் அழுத்தம். 'ஆறு கிலோ காற்று' என்பார்கள். ஒரு மில்லிமீட்டர் துளையில் அந்தக் காற்று தள்ளும் விசை 0.47 நியூட்டன். நம் பட்டை தோற்றது. துளையை அரை மில்லிமீட்டராகக் குறைத்தால் பரப்பு கால்பங்காகும், விசை 0.12 நியூட்டன். இது முடியும். அடுத்த கேள்வி, பட்டை எவ்வளவு விலகினால் துளை முழுதாகத் திறந்ததாகக் கணக்கு? துளையின் வாயிலைச் சுற்றியுள்ள வளையமான இடைவெளியின் பரப்பு, துளையின் பரப்புக்குச் சமமானால் போதும். அதற்கு மேல் விலகினாலும் காற்று கூடாது. கணக்குப் போட்டால் அது துளையின் விட்டத்தில் கால்பங்கு. அரை மில்லிமீட்டர் துளைக்கு 0.125 மில்லிமீட்டர். நம் பட்டையால் 0.3 வரை போக முடியும்; 0.125 நகர்ந்த நிலையிலும் அதன் கையில் 0.2 நியூட்டன் மிச்சம் இருக்கும். அசைவும் போதும், பலமும் போதும். தாளில் வால்வு வேலை செய்துவிட்டது.

தாளிலிருந்து உலோகத்துக்கு வரும்போதுதான் பாடுபட வேண்டும். முனையில் ஒட்டியிருக்கும் ரப்பர் துண்டு காற்றை ஒழுகாமல் அடைக்கும் அளவுக்கு மெத்தென்று இருக்க வேண்டும். ஆனால் மெத்தென்ற ரப்பர் நசுங்கும்போது அசைவில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மொத்த அசைவே 300 மைக்ரான் என்னும்போது, ஒட்டிய பசையின் தடிமனில் 20 மைக்ரான் பிசகினாலும் ஒவ்வொரு வால்வும் ஒவ்வொரு மாதிரி நடக்கும். ஆகவே பட்டையைப் பொருத்தியபிறகு நாசிலின் உயரத்தை, காற்றோட்டத்தை அளந்துகொண்டே, திருகிச் சரிசெய்து பூட்ட வேண்டியிருக்கிறது. பீசோ வால்வின் விலையில் பெரும்பங்கு பீங்கானுக்கு அல்ல, இந்தச் சரிசெய்தலுக்குத்தான் போகும் என்பது என் கணிப்பு.

சரி, இந்த வால்வு எவ்வளவு காற்றை விடும்? ஆறு கிலோ காற்று அரை மில்லிமீட்டர் துளை வழியே வெளியே பாயும்போது, துளையின் குறுகலில் ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் வேகம் போகாது. வெளிப்பக்க அழுத்தம் உள்பக்க அழுத்தத்தில் ஏறக்குறைய 53 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை, வெளியே என்ன நடந்தாலும் ஓட்டம் மாறாது. நிமிடத்துக்குச் சுமார் 13 லிட்டர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 50 மில்லிமீட்டர் விட்டமும் 100 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள ஒரு சாதாரண சிலிண்டரை ஒருமுறை நீட்ட ஏறக்குறைய 1.4 லிட்டர் காற்று வேண்டும். அதற்கு இந்த வால்வு ஆறு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பேக்கிங் லைனில் ஆறு நொடி என்றால் சூப்பர்வைசர் வந்து நின்றுவிடுவார்.

அதனால் பெரும்பாலான இடங்களில் பீசோ நேராக வேலை செய்வதில்லை, வேலை வாங்குகிறது. சின்ன பீசோ வால்வு விடும் கொஞ்சம் காற்று ஒரு டயாபிரத்தைத் தள்ளும். டயாபிரம் பெரிய துளையைத் திறக்கும். பைலட் வால்வு என்ற இந்த ஏற்பாடு சோலனாய்டிலும் உண்டு. பீசோ இதில் ஜெயிப்பது வேறு காரணத்தால். அதைப் புரிந்துகொள்ள, அரிசி ஆலையை விட்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போக வேண்டும்.

அங்கே குழாய்களில் நிற்கும் பெரிய கட்டுப்பாட்டு வால்வுகளின் தலையில் பொசிஷனர் என்ற கருவி உட்கார்ந்திருக்கும். கட்டுப்பாட்டு அறை '40 விழுக்காடு திற' என்று சொன்னால், காற்றை ஏற்றியும் இறக்கியும் தண்டை அந்த இடத்தில் நிறுத்துவது அதன் வேலை. செய்தி வருவது இரண்டே கம்பிகளில், 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக. பொசிஷனருக்குச் சாப்பாடும் அதே கம்பியில்தான். தனி மின்சாரம் கிடையாது. குறைந்தபட்சம் 4 மில்லிஆம்பியர், ஒரு 10 வோல்ட் என்று வைத்தால் 40 மில்லிவாட். இதில் நுண்செயலி ஓட வேண்டும், தண்டு எங்கே இருக்கிறது என்று அளக்க வேண்டும், வால்வையும் இயக்க வேண்டும். சாதாரண சோலனாய்டு ஒரு வாட், இரண்டு வாட் கேட்கும். கதையே முடிந்தது.

மின்சாரத்தின் கண்ணோட்டத்தில் பீசோ பட்டை ஒரு மின்தேக்கி. நம் பட்டையின் கொள்ளளவு 20 நானோஃபாரட் அளவில் இருக்கும். 250 வோல்ட்டுக்கு ஏற்ற, சேரும் ஆற்றல் 0.6 மில்லிஜூல். ஏற்றிய பிறகு பிடித்துவைக்கச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒரு வாட் சோலனாய்டு ஒரு நொடி திறந்திருக்கச் செலவழிக்கும் ஆற்றலில், இந்தப் பட்டையை ஆயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். சீமென்ஸின் சிபார்ட் பி.எஸ்.2 பொசிஷனர் பீசோ வால்வில் ஓடுவது இதனால்தான். இன்னொரு லாபமும் உண்டு. பழைய நாசில்-ஃபிளாப்பர் பொசிஷனர்கள் சும்மா இருக்கும்போதும் உஸ்ஸென்று காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். அவை வேலை செய்யும் விதமே அப்படி. பீசோ வகையில், தண்டு சரியான இடத்துக்கு வந்ததும் ஏற்றும் வழியையும் இறக்கும் வழியையும் மூடிவிடலாம். அழுத்தக் காற்று இலவசமல்ல என்பது கம்ப்ரசருக்கு மின்கட்டணம் கட்டுகிறவருக்குத் தெரியும்.

இதே மின்தேக்கிக் குணம் ஒரு சிக்கலையும் இழுத்துவரும். சோலனாய்டில் மின்சாரம் அறுந்தால் ஸ்பிரிங் உடனே மூடிவிடும். பீசோவில் கம்பி அறுந்தாலும் பட்டையில் ஏறிய மின்னூட்டம் அங்கேயே இருக்கும். வால்வு திறந்தது திறந்தபடி நிற்கும். பாதுகாப்புக்கு இது ஆகாது. அதனால் பட்டைக்குக் குறுக்கே ஒரு மின்தடை போட்டு, மின்னூட்டம் கசிய வழி வைக்கிறார்கள். 10 மெகாஓம் போட்டால் ஐந்தில் ஒரு நொடி அளவில் பெரும்பகுதி வடிந்துவிடும். ஆனால் திறந்திருக்கும் நேரமெல்லாம் 6 மில்லிவாட் அதன் வழியே வீணாகும். 40 மில்லிவாட்டில் 6 என்பது பெரிய பங்கு. 100 மெகாஓம் போட்டால் வீண் 0.6 மில்லிவாட்தான், வடிய இரண்டு நொடி ஆகும். எது வேண்டும் என்று ஆலையின் தேவையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். எரிவாயு சூழ்ந்த இடங்களில் இன்னொரு கவனம்: அடுப்பு லைட்டரின் குணம் இந்தப் பட்டைக்கும் உண்டு. பலமாக அடிபட்டாலோ திடீரென்று சூடு மாறினாலோ அது தானே மின்னழுத்தம் உண்டாக்கும். அந்த மின்தடை அதற்கும் காவல்.

அரிசி ஆலைக்குத் திரும்பினால், அங்கே பேரம் வேறு மாதிரி. மின்சாரம் தாராளம், வேண்டியது வேகமும் ஒரே துளை வழியே நிறையக் காற்றும். நம் பெண்டரின் இயல்பதிர்வு நொடிக்கு 500 முறை அளவில் இருக்கும். ஒரு மில்லிநொடிக்குள் திறந்து நிலைகொள்ள அது போதாது. ஜப்பானின் ஹிரோஷிமா வட்டாரத்து சட்டாகே நிறுவனம் எடுத்த வழி அடுக்கு. மெல்லிய பீங்கான் ஏடுகளையும் உலோக ஏடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி ஒன்றாகச் சுட்டால் ஒரு குட்டித் தூண் கிடைக்கும். ஏடு மெல்லியது என்பதால் 100, 150 வோல்ட்டே போதும். 20 மில்லிமீட்டர் உயரத் தூண் 20 மைக்ரான் நீளும். ஆனால் நூற்றுக்கணக்கான நியூட்டன் பலத்தோடு நீளும். அந்தப் பலத்தை நெம்புகோல் அமைப்பில் கொடுத்து அசைவைப் பெருக்கி, வால்வின் வாயைத் திறக்கிறார்கள். டீசல் கார் இன்ஜெக்டரில் இதே அடுக்குத் தூணை 2000ல் சீமென்ஸும் 2003ல் போஷும் உற்பத்திக்குக் கொண்டுவந்தன. அங்கே பெருக்கவேண்டிய அசைவு குறைவு, எதிர்க்கவேண்டிய அழுத்தமோ ஆயிரம் பாருக்கும் மேல். அடுக்குக்கென்றே அமைந்த வேலை அது.

திறப்பு, மூடல் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பீசோவுக்கு அநியாயம். 100 வோல்ட் கொடுத்தால் கொஞ்சம், 200 கொடுத்தால் இன்னும் கொஞ்சம் என்று அது நயமாக நகரும். ஆக்சிஜன் சிகிச்சைக் கருவிகளிலும் கையில் எடுத்துப்போகும் வென்டிலேட்டர்களிலும் பீசோ வால்வு இடம்பிடித்தது இந்த நயத்தால்தான். நோயாளியின் தலைமாட்டில் இரவெல்லாம் டக் டக் என்று அடிக்காது, சூடாகாது, பேட்டரியைக் குடிக்காது. 2017ல் ஹானோவர் கண்காட்சியில் ஃபெஸ்டோ நிறுவனம் காட்டிய மோஷன் டெர்மினல் இதைத் தொழிற்சாலைக்கு நீட்டியது. ஒவ்வொரு வால்விலும் பீசோ பைலட்டுகள் இயக்கும் நான்கு சிறு டயாபிர வால்வுகள், கூடவே அழுத்த உணரிகள். இன்று இது திசை மாற்றும் வால்வு, நாளை அழுத்தச் சீராக்கி என்று மென்பொருளே தீர்மானிக்கும். யோசனை அழகு, சாதாரணப் பட்டறைக்கு இது தேவையா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன்.

நயமாக நகரும் என்றேன். நேர்மையாக நகரும் என்று சொல்லவில்லை. பி.இசட்.டி.க்கு ஞாபகம் அதிகம். 150 வோல்ட்டுக்கு ஏறி வரும்போது நிற்கும் இடமும், 250லிருந்து இறங்கி வரும்போது நிற்கும் இடமும் ஒன்றல்ல; மொத்த அசைவில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வித்தியாசம் இருக்கும். வோல்ட்டை மாற்றாமல் விட்டாலும் நிமிடக்கணக்கில் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே திரும்பிய குட்டிப் பகுதிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பிவிடுவதில்லை என்பதே காரணம். எனவே விகிதப்படி காற்று விட விரும்புகிறவர், வோல்ட்டை நம்பி உட்காரக் கூடாது. வெளியே அழுத்தத்தையோ ஓட்டத்தையோ அளந்து, வித்தியாசத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். முழுத் திறப்பு, முழு மூடல் மட்டும் போதும் என்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

பீசோ வால்வின் நிஜமான எதிரி ஈரம். மில்லிமீட்டருக்கு ஆயிரம் வோல்ட் என்ற மின்புலம் நாள் கணக்கில் நிற்கும்போது, பட்டையின் மேல் ஈரம் படிந்தால், மின்முனையில் உள்ள வெள்ளி அயனியாகி நகர ஆரம்பிக்கும். ஓரமாக வெள்ளி இழை வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் பட்டை ஷார்ட் ஆகும். பாலிமர் பூச்சு கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள். ஆனாலும் காற்று உலர்ந்திருப்பதே முதல் மருந்து. நம் ஊர் மழைக்காலத்தில் இது லேசான காரியமில்லை. 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் 24 கிராம் நீர் ஆவியாக இருக்கும். அப்படி ஏழு கன மீட்டரை ஆறு கிலோ அழுத்தத்துக்குச் சுருக்கி, பழைய சூட்டுக்கே ஆற விட்டால், 140 கிராம் தண்ணீர் தனியே பிரிந்து குழாயில் ஓடும். டிரையர் இல்லாத லைனில் பீசோ வால்வைப் பொருத்துவது காசைக் கரைப்பதுதான். ஈரத்துக்கு அடுத்தது தூசி. முழுத் திறப்பே 125 மைக்ரான் என்னும் இடத்தில் ஒரு 50 மைக்ரான் துரு மாட்டினால் வால்வு இனி மூடாது. சோலனாய்டுக்குப் பழகிய பட்டறைகளில் லூப்ரிகேட்டர் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி வைப்பார்கள். பீசோவுக்கு அந்தக் காற்றும் ஆகாது. நாசில் வாயில் பிசுபிசுப்பு ஏறினால் 36 கிராம் பலத்தால் பிய்த்துக்கொண்டு எழ முடியாமல் போகலாம்.

ஆக, சோலனாய்டுக்குச் சாவுமணி அடித்தாயிற்று என்று விற்பனைப் பிரதிநிதி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 24 வோல்ட்டிலிருந்து 250 வோல்ட் எழுப்ப ஒரு சுற்று, ஈரம் தூசி இல்லாத காற்று, அளந்து திருத்தும் உணரி எல்லாம் சேர்ந்தால்தான் பீசோ வால்வு. மின்சாரம் அரிதான இடம், சூடும் சத்தமும் ஆகாத இடம், மில்லிநொடிக்குள் முடிய வேண்டிய இடம், நீண்ட நேரம் ஒரே நிலையில் பிடித்துவைக்க வேண்டிய இடம்: இவற்றில் அதற்குப் போட்டியில்லை. மற்ற இடங்களில் செம்புச் சுருளே மேல்.

கடைசியாக ஈயம். பி.இசட்.டி.யின் எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஈயம்தான். மின்னணுப் பொருள்களில் ஈயத்தைத் தடைசெய்யும் ஐரோப்பிய ஒன்றிய விதியில்கூட, மாற்று சரியாக அமையாததால் இத்தகைய பீங்கானுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். 2004ல் ஜப்பானின் டொயோட்டா மத்திய ஆய்வகத்தில் யசுயோஷி சைட்டோவின் குழு, பொட்டாசியம், சோடியம், நியோபியம் கலந்த ஈயமில்லாப் பீங்கானில் பி.இசட்.டி.க்கு இணையான அசைவைக் காட்டியது. ஆய்வகத்தில் சாதித்ததை மலிவாகவும் ஒரே தரத்திலும் லட்சக்கணக்கில் சுட்டெடுப்பதுதான் இன்னும் கைகூடவில்லை. அதுவரை, பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழுதான பொசிஷனரையோ பீசோ வால்வையோ பிரிக்கும் முன், பட்டையின் முனைகளை ஒரு மின்தடையால் இணைத்து மின்னூட்டத்தை வடித்துவிடுங்கள். உடைந்த பட்டையை அரம் போட்டுத் தேய்க்காதீர்கள், தூளைப் பெருக்கிக் குப்பையில் கொட்டாதீர்கள். பையில் கட்டி, மின்கழிவு வாங்க அனுமதி பெற்றவரிடம் கொடுத்துவிடுங்கள்.